தள்ளிப்போடு, புட் ஆஃப், போஸ்ட்போன்: ஆங்கிலக் குட்டிச்சொற்களின் வரலாறு

ஆங்கிலத்தில் கஷ்டமான சொல் எது என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். வாயில் நுழையாத நீளச் சொல் ஒன்றைச் சொல்வார்கள். என்னைக் கேட்டால் 'புட்' என்பேன். மூன்றே எழுத்து, ஒன்றாம் வகுப்பிலேயே படித்தாச்சு. ஆனால் அதன் பின்னால் ஒரு குட்டிச்சொல் வந்து உட்கார்ந்ததும் ஆட்டமே மாறிவிடும். 'புட் ஆஃப்' என்றால் தள்ளிப்போடு. 'புட் அவுட்' என்றால் தீயை அணை. 'புட் அப் வித்' என்றால் பொறுத்துக்கொள். 'புட் டவுன்' என்றால் கீழே வை, ஒருவரை மட்டம் தட்டு, தீராத நோயில் கிடக்கும் நாயைக் கருணைக்கொலை செய் என்று மூன்றும்தான். வைப்பதற்கும் பொறுத்துக்கொள்வதற்கும் என்ன சம்பந்தம்?

இந்த வகை வினைகளுக்கு ஃப்ரேசல் வெர்ப் என்று பெயர். போட்டித் தேர்வுப் புத்தகங்களில் கடைசி நாலு பக்கத்தில் பட்டியலாகக் கிடக்கும். மனப்பாடம் பண்ணிவிட்டு, தேர்வு முடிந்த மறுநாளே மறந்துவிடுவோம். இதில் வரலாறு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நிறைய இருக்கிறது. வைக்கிங்குகள், சிறைப்பட்ட ஆயர்கள், ஷெஃபீல்டு கத்திக் கம்பெனியின் குமாஸ்தா, நம்ம ஊர் ஆபீஸ் கடிதம் எல்லாமே இதற்குள் வருகிறார்கள்.

நான் இதைத் தோண்ட ஆரம்பித்ததற்கு ஒரு காரணம் உண்டு.

பேக் அவுட், பேக் அப்

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு ரிலீஸ் இரவு. எங்கள் டீமில் ஒரு பையன், சின்ன ஊர், அரசுப் பள்ளி. மெயில் எழுதினால் டீமிலேயே அவன் எழுதுவதுதான் சுத்தமாக இருக்கும். 'மிட்டிகேட்', 'ரெக்டிஃபை', 'டிஸ்க்ரெபன்சி' எல்லாம் தண்ணி பட்ட பாடு. நடுராத்திரி காலில் வெளிநாட்டு மேலாளர் வேகமாகச் சொன்னார்: 'பேக் இட் அவுட்'. அதாவது செய்த மாற்றத்தைத் திரும்ப எடுத்துவிடு. பையனின் காதில் 'பேக்' விழுந்தது. பேக்கப் எடுக்கச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டான். பொறுப்பாக ஒரு முழு பேக்கப் எடுத்து முடித்துவிட்டு 'டன்' என்றான். தப்பான கோடு அதற்குள் முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது.

மறுநாள் வந்த மெயிலில் காரணம் என்று போட்டிருந்தது 'கம்யூனிகேஷன்'. அந்த வருஷ அப்ரைசலிலும் அதே வார்த்தை, ஆங்கிலம் போதாது என்ற அர்த்தத்தில்.

என்னை உறுத்தியது இதுதான். அந்த மேலாளர் 'ரிவர்ட் தி சேஞ்ச்' என்று சொல்லியிருந்தால் பையனுக்கு ஒரு நொடியில் புரிந்திருக்கும். அகராதிப்படி 'ரிவர்ட்' பெரிய சொல், 'பேக் அவுட்' சின்னச் சொல். பெரியது தெரிந்தவனுக்குச் சின்னது தெரியவில்லை. நம் ஊரில் இது அவன் ஒருத்தனுக்கு மட்டும் நடப்பதில்லை. 'டாலரேட்' தெரியும், 'புட் அப் வித்' தடுமாறும். 'இன்வெஸ்டிகேட்' தெரியும், 'லுக் இன்டு' என்றால் எட்டிப் பார்ப்பதா என்று யோசிப்போம். இங்கிலாந்தில் ஐந்து வயசுக் குழந்தைக்கு இது அப்படியே தலைகீழ். ஏன் இப்படி?

ஜான்சன் ஒப்புக்கொண்டது

இந்தக் கஷ்டத்தை முதலில் தெளிவாக எழுதிவைத்தவர்களில் ஒருவர் டாக்டர் சாமுவேல் ஜான்சன். அவருடைய புகழ்பெற்ற ஆங்கில அகராதி 1755 ஏப்ரலில் வெளிவந்தது. அதன் முன்னுரையில் இந்த வினைகளுக்கென்றே ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறார். வினையோடு ஒரு குட்டிச்சொல் சேர்ந்து பொருளே மாறிப்போகும் வழக்கம் வேறெந்த மொழியையும்விட ஆங்கிலத்தில் அதிகமாக இருக்கலாம், வெளிநாட்டவருக்கு மிகப் பெரிய சிரமம் இதில்தான் என்பது அவர் சொல்வதன் சாரம். சில கூட்டுகள் எந்த வழியாக இந்தப் பொருளுக்கு வந்து சேர்ந்தன என்பதை எவ்வளவு கூர்மையானவராலும் கண்டுபிடிக்க முடியாது என்றும் சொல்கிறார்.

அவர் தரும் உதாரணங்களில் ஒன்று 'டேக் ஆஃப்'. விமானம் என்ற ஒன்றே இல்லாத காலம் அது. ஜான்சனுக்கு அதன் பொருள் நகல் எடுப்பது. ஒருவரைப் போல நடித்துக் காட்டுவதற்கு இன்றைக்கும் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் 'டேக் ஆஃப்' என்பார்கள். 'டேக்' என்ற ஒரே சொல்லுக்கு ஜான்சன் 134 பொருள் பிரித்து, ஐந்து பக்கம் எழுதினார். நீளமான லத்தீன் சொற்கள் பலவற்றை ஒரு வரியில் முடித்துவிட்ட மனுஷனை இந்த நாலெழுத்துச் சொல் ஐந்து பக்கம் உட்கார வைத்திருக்கிறது.

ஆக, இது நம் மூளைக்கோளாறு அல்ல. ஆங்கிலத்தின் மிகப் பெரிய அகராதிக்காரர்களில் ஒருவரே, வெளியாளுக்கு இது கஷ்டம்தான் என்று 270 வருஷத்துக்கு முன்னால் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

முன்னால் இருந்தது பின்னால் போன கதை

பழைய ஆங்கிலத்தில், அதாவது சுமார் 1100-க்கு முன்னால், குட்டிச்சொல் பெரும்பாலும் வினைக்கு முன்னாலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அதில் சில இன்னும் உயிரோடு இருக்கின்றன: 'ஃபர்கிவ்', 'ஃபர்பிட்', 'வித்ஸ்டேண்ட்', 'அண்டர்ஸ்டேண்ட்'. ஆங்கிலத்தின் சகோதரியான ஜெர்மனில் இந்த ஏற்பாடு இன்றும் முழு வீச்சில் உண்டு. கைவிடு என்பதற்கு ஜெர்மனில் 'அவுஃப்கேபன்'. அவுஃப் என்றால் மேலே, கேபன் என்றால் கொடு. வாக்கியத்தில் வரும்போது 'அவுஃப்' கழன்று கடைசிக்குப் போய்விடும். 'கிவ் அப்' அதே இரண்டு துண்டுகளை வேறு வரிசையில் மாட்டியது, அவ்வளவுதான்.

ஆங்கிலத்தில் மட்டும் ஏன் நிரந்தரமாகப் பின்னால் போனது? ஒரு காரணம், பழைய முன்னொட்டுகள் பேச்சில் தேய்ந்து தேய்ந்து பொருள் இழந்தன. பழைய ஆங்கிலத்தில் எங்கே பார்த்தாலும் இருந்த ஒரு முன்னொட்டு கடைசியில் வெறும் 'இ' ஒலியாகச் சுருங்கிக் காணாமலே போனது. இன்னொரு காரணம், வாக்கியத்தின் வரிசை மாறியது. நம் தமிழ் மாதிரி வினை கடைசியில் நிற்கக்கூடிய அமைப்பு பழைய ஆங்கிலத்தில் இருந்தது. பிறகு வினை முன்னுக்கு நகர, குட்டிச்சொல் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. பஸ் நகர்ந்துவிட்டது, ஏற வேண்டியவர் ஸ்டாப்பிலேயே நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வரிசைகளும் இன்றைக்கும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கின்றன. 'ஓவர்லுக்' என்றால் கவனிக்காமல் விடுவது, 'லுக் ஓவர்' என்றால் பார்வையிடுவது. 'ஓவர்டேக்' என்றால் முந்துவது, 'டேக் ஓவர்' என்றால் பொறுப்பை எடுத்துக்கொள்வது. 'அப்செட்' வேறு, 'செட் அப்' வேறு. அதே செங்கல், வேறு கட்டடம். நம் தொழிலில் தினம் புழங்கும் 'இன்புட்', 'அவுட்புட்', 'அப்டேட்', 'ஆஃப்செட்' எல்லாம் அந்தப் பழைய வரிசையின் பாணியில் நிற்பவைதான்.

கோட்டையைக் கொடுத்த ஆயர்கள்

இந்த மாற்றம் நடந்துகொண்டிருந்தபோதே நமக்குக் கிடைக்கும் ஒரு சாட்சி பீட்டர்பரோ குரோனிக்கிள். இங்கிலாந்தின் கிழக்கே பீட்டர்பரோ மடத்தில் துறவிகள் ஆண்டுவாரியாக எழுதிவந்த குறிப்பேடு. 1066-இல் நார்மன்கள் வந்து அரசவையும் நிர்வாகமும் பிரெஞ்சுக்கும் லத்தீனுக்கும் போன பிறகும், இங்கே மட்டும் விடாமல் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தார்கள். 1154-ஆம் ஆண்டோடு நின்றுபோகிறது. இப்போது ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது.

அதன் கடைசிப் பகுதியில் ஸ்டீபன் அரசரின் காலத்துக் குழப்பம் வருகிறது. 1139-இல் ஸ்டீபன், சால்ஸ்பரி ஆயர் ரோஜரையும் லிங்கன் ஆயர் அலெக்சாண்டரையும் பிடித்து அடைத்தார். அவர்கள் பெயருக்குத்தான் ஆயர்கள்; கையில் இருந்ததோ பெரிய பெரிய கோட்டைகள். கோட்டைகளை ஒப்படைக்கும் வரை விடவில்லை. அந்த 'ஒப்படைக்கும்' என்ற இடத்தில் பெயர் தெரியாத அந்தத் துறவி எழுதியிருப்பது 'யாஃபன் அப்'. இன்றைய 'கிவ் அப்'பின் இறந்தகாலம்.

மேலே எதையும் தூக்கிக் கொடுக்கவில்லை பாருங்கள். 'அப்' தன் திசைப்பொருளை விட்டுவிட்டு, முழுசாக, மிச்சமில்லாமல் என்ற பொருளுக்கு இங்கேயே வந்துவிட்டது. 'ஈட் அப்', 'யூஸ் அப்', 'பர்ன் அப்' என்று இன்றைக்கு நாம் பார்க்கும் 'அப்' இதேதான். ஏறத்தாழ 870 வருஷம் ஆகியும் பொருள் அப்படியே இருக்கிறது.

ஒருவேளை அவர் முந்நூறு வருஷம் கழித்துப் பிறந்திருந்தால், பிரெஞ்சிலிருந்து வந்த 'சரண்டர்' என்ற சொல்லைப் போட்டிருக்கலாம். நமக்கோ அதுதான் உடனே புரிகிறது. போலீசில் சரண்டர், லீவ் சரண்டர் என்று தமிழாகவே ஆகிவிட்டது.

வைக்கிங்குகளின் பங்கு

பீட்டர்பரோ இருக்கும் இடத்தையும் கவனிக்கணும். 9-ஆம் நூற்றாண்டிலிருந்து டென்மார்க், நார்வே பக்கத்திலிருந்து வந்தவர்கள் குடியேறி, டேன்லா என்று அழைக்கப்பட்ட பகுதி அது. அவர்கள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் முன்னொட்டுகள் ஏற்கெனவே உதிர்ந்துபோய், வினைக்குப் பின்னால் குட்டிச்சொல் வைக்கும் பழக்கம் வந்திருந்தது. 'கெஃபா உப்' என்று நார்ஸில் ஒரு கூட்டு உண்டு. 'கிவ் அப்' அதன் இரட்டைப் பிறவி போல இருக்கும்.

நார்ஸ்காரர்களைப் பார்த்துத்தான் ஆங்கிலம் இதைக் கற்றதா, அல்லது தானாகவே அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததா என்பதில் மொழியியலாளர்கள் ஒருமித்துச் சொல்வதில்லை. இரண்டும் சேர்ந்தது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஒன்று மட்டும் சர்ச்சைக்கு இடமில்லாதது: இந்த விளையாட்டின் பெரிய ஆட்டக்காரர்களான 'டேக்', 'கெட்', 'கால்' ஆகிய வினைகள் ஆங்கிலத்தில் நிலைபெற்றதே நார்ஸ் வழியாகத்தான். பக்கத்து வயலில் உழுதவர்கள், சந்தையில் பேரம் பேசியவர்கள், கல்யாணம் பண்ணிக்கொண்டவர்கள் வழியாக வந்த சொற்கள் அவை. புத்தகம் வழியாக வந்தவை அல்ல.

ஒரே வீடு, இரண்டு மாடி

நார்மன் வெற்றிக்குப் பிறகு ஆங்கிலம் இரண்டு மாடி வீடாகிவிட்டது. மேல்மாடியில் பிரெஞ்சும் லத்தீனும்: நீதிமன்றம், தேவாலயம், கல்வி. கீழ்மாடியில் சமையலறை, தொழுவம், குழந்தைகள். நீதிமன்ற வாதத்தை ஆங்கிலத்தில் நடத்தலாம் என்று சட்டம் வந்ததே 1362-இல்தான். அதற்குள் மேல்மாடிச் சொற்கள் ஆயிரக்கணக்கில் கீழே இறங்கிவிட்டன. அதனால்தான் இன்றைக்கு ஆங்கிலத்தில் ஒரே செயலுக்கு இரண்டு சொல். 'எக்ஸ்டிங்குயிஷ்' மேல்மாடி, 'புட் அவுட்' கீழ்மாடி. 'கேன்சல்' மேல்மாடி, 'கால் ஆஃப்' கீழ்மாடி. 'கன்டின்யூ' மேல்மாடி, 'கோ ஆன்' கீழ்மாடி.

வேடிக்கை என்னவென்றால், மேல்மாடிச் சொல்லைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இருப்பதும் ஃப்ரேசல் வெர்ப் மாதிரி ஒன்றுதான். 'போஸ்ட்போன்' லத்தீன். 'போஸ்ட்' என்றால் பின்னால், 'போனெரெ' என்றால் வை. 'இன்ஸ்பெக்ட்' என்றால் உள்ளே பார், அதாவது 'லுக் இன்டு'. 'எஜெக்ட்' என்றால் வெளியே எறி, அதாவது 'த்ரோ அவுட்'. எங்கள் பையனுக்குத் தெரிந்த 'ரிவர்ட்' என்றால் பின்னால் திரும்பு. ரோமாபுரியில் அசெம்பிள் பண்ணி, சீல் வைத்து அனுப்பிய பெட்டி 'போஸ்ட்போன்'. அதே பொருளைப் பிரித்து, திருகு தனியாகப் பலகை தனியாகக் கொடுத்தது 'புட் ஆஃப்'. நமக்கு சீல் வைத்த பெட்டி சுலபம். ஒரு சொல், ஒரு பொருள், அகராதியில் ஒரே இடம்.

இந்த லத்தீன் இறக்குமதியை எதிர்த்து அங்கேயும் ஒரு தனித்தமிழ் இயக்கம் மாதிரி நடந்தது. 16-ஆம் நூற்றாண்டில் ஜான் சீக் என்பவர் பைபிளின் மத்தேயு நற்செய்தியைக் கூடியமட்டும் பூர்வ ஆங்கிலச் சொற்களிலேயே பெயர்க்க முயன்றார். நூற்றுவர் தலைவனைக் குறிக்கும் 'செஞ்சூரியன்' வேண்டாம் என்று 'ஹன்ட்ரெடர்' என்று போட்டார். இதில் ரசிக்க வேண்டியது, அவர் கேம்பிரிட்ஜில் கிரேக்கப் பேராசிரியர். அவர் முயற்சி எடுபடவில்லை. ஆனால் கீழ்மாடி ஆங்கிலம் எந்த இயக்கமும் இல்லாமல் தானாகவே பிழைத்துக்கொண்டது. எழுத்தில் மரியாதை இல்லாவிட்டாலும் வாயில் இருந்தது.

பெயர் வைத்த குமாஸ்தா

இத்தனை நூற்றாண்டு இருந்தும் இந்த வினைகளுக்கு ஊரறிந்த ஒரு பெயர் இல்லை. ஃப்ரேசல் வெர்ப் என்ற பெயரைப் பரப்பியவர் லோகன் பியர்சால் ஸ்மித் என்ற எழுத்தாளர், 1925-இல் வந்த 'வேர்ட்ஸ் அண்ட் இடியம்ஸ்' என்ற நூலில். பெயர் தன்னுடையது அல்ல, ஹென்றி பிராட்லி சொல்லிக்கொடுத்தது என்று அவரே நன்றியோடு குறிப்பிடுகிறார்.

இந்த பிராட்லி எனக்குப் பிடித்த மனிதர். பல்கலைக்கழகம் போகாதவர். ஷெஃபீல்டில் கத்தி தயாரிக்கும் ஒரு கம்பெனியில் கடிதப் போக்குவரத்து குமாஸ்தாவாகச் சுமார் இருபது வருஷம் வேலை பார்த்தார். மொழிகளைத் தானாகவே படித்தார். 1884-இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் முதல் பகுதி வந்தபோது அதற்கு ஒரு மதிப்புரை எழுதினார். அதைப் படித்த அகராதி ஆசிரியர் ஜேம்ஸ் மரே, யாருடா இந்த ஆள் என்று அசந்துபோய் அவரையே வேலைக்குள் இழுத்துக்கொண்டார். பிராட்லி அகராதியின் இரண்டாவது ஆசிரியரானார். 1915-இல் மரே இறந்த பிறகு மூத்த ஆசிரியர்.

அவர் கைக்கு வந்த எழுத்துகளில் ஜி, எம் இரண்டும் அடக்கம். எஸ் எழுத்தில் ஒரு பெரிய பகுதியும் அவருடையது. அதாவது 'கெட்', 'கிவ்', 'கோ', 'மேக்', 'செட்' எல்லாம் அவர் மேஜையில்தான். இந்த ஐந்தோடும் மல்லுக்கட்டிய ஒருவர், இவற்றுக்கு ஒரு தனிப் பெயர் வேண்டும் என்று நினைத்ததில் ஆச்சரியமே இல்லை. நாள் முழுக்க வேலை, ராத்திரி ஆராய்ச்சி என்று இருக்கும் என் போன்றவர்களுக்கு அவர் ஒரு குலதெய்வம்.

850 சொல்லில் ஒரு கனவு

1930-இல் சி. கே. ஆக்டன் என்ற ஆங்கிலேயர் 'பேசிக் இங்கிலீஷ்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். 850 சொல் போதும், உலகமே ஆங்கிலம் பேசலாம் என்றார். வினைகளை எப்படிக் குறைத்தார் தெரியுமா? 'கம்', 'கெட்', 'கிவ்', 'கோ', 'புட்', 'டேக்' மாதிரி வெறும் 18 வினை. மற்றதையெல்லாம் குட்டிச்சொல் சேர்த்துச் சமாளி. 'என்டர்' வேண்டாம், 'கோ இன்' போதும். 1943-இல் ஹார்வர்டில் பேசும்போது சர்ச்சிலே இதை ஆதரித்தார்.

கம்ப்யூட்டர்காரர்களுக்கு இது ரிஸ்க் பிராசஸர் மாதிரி தோன்றும். கட்டளைகளைக் குறைத்தால் சிக்கல் மறைந்துவிடாது, கூட்டுகளுக்குள் இடம்பெயரும். அதுதான் நடந்தது. 'புட்' தெரியும், 'அப்' தெரியும், 'வித்' தெரியும் என்பதால் 'புட் அப் வித்' தெரிந்துவிடுமா? அதைத் தனிச் சொல்லாகத்தான் கற்கணும். 850 என்ற எண்ணிக்கை அட்டையில் மட்டும்தான். உள்நாட்டுக்காரனுக்கு எளிமையாகத் தெரிந்த மொழி வெளியாளுக்குப் புதிராக இருந்தது. பேசிக் இங்கிலீஷ் நிலைக்காததற்கு இது ஒன்றே காரணமில்லை, ஆனால் முக்கியமான காரணம்.

கற்பவரின் பக்கம் நின்று யோசித்தவர்கள் வேறு வழியில் போனார்கள். டாக்காவில் ஆசிரியர் பயிற்சி நடத்திய மைக்கேல் வெஸ்ட், 1935-இல் ஓர் அகராதி கொண்டுவந்தார். 1,490 எளிய சொற்களைக் கொண்டே 24,000 சொற்களையும் மரபுத்தொடர்களையும் விளக்கினார். ஜப்பானில் பாடம் நடத்திய ஏ. எஸ். ஹார்ன்பி 1942-இல் டோக்கியோவில் வெளியிட்ட அகராதிதான், பிற்பாடு நாம் எல்லோரும் புரட்டிய ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி. வெளியாளுக்கு எது கஷ்டம் என்பது வெளியாளோடு உட்கார்ந்தவருக்குத்தான் தெரிந்திருக்கிறது.

நமக்கு வந்த வாசல்

இப்போது நம் கதை. மெக்காலேயின் குறிப்பு 1835. சென்னை, பம்பாய், கல்கத்தா பல்கலைக்கழகங்கள் 1857. ஆங்கிலம் நமக்கு வந்தது பாடநூல், கோர்ட், கோப்பு வழியாக. மேல்மாடி வாசல். நம் தாத்தாக்கள் ஆங்கிலேயர் வீட்டுச் சமையலறையில் ஆங்கிலம் கற்கவில்லை, கற்றவர்கள் எழுதவில்லை. மனுவில் 'சாங்ஷன்', 'டெர்மினேட்', 'ஃபர்னிஷ்' என்றுதான் எழுதினோம்.

இதற்கு நல்ல சாட்சி 'ப்ரீபோன்'. கூட்டத்தை முன்னால் கொண்டுவருவதற்கு இங்கிலாந்தில் 'பிரிங் ஃபார்வர்ட்' என்பார்கள். நாம் 'போஸ்ட்போன்' இருக்கிறதே, அதற்கு எதிர்ப்பதம் 'ப்ரீபோன்' என்று லத்தீன் இலக்கணப்படி கச்சிதமாகப் பயன்படுத்தினோம். இன்றைக்கு அகராதிகளே அதை இந்திய ஆங்கிலம் என்று குறித்து ஏற்றிருக்கின்றன. கேலி செய்பவர்கள் செய்யட்டும். மேல்மாடி ஆங்கிலத்தை எவ்வளவு உள்வாங்கியிருந்தால் இது முடியும்!

கீழ்மாடியில் நமக்குக் கிடைத்தது என்ன? வகுப்பறையில் காதில் விழுந்ததை நினைத்துப் பாருங்கள். 'ஸ்டேண்ட் அப்', 'சிட் டவுன்', 'கெட் அவுட்', 'ஷட் அப்'. அத்தனையும் கட்டளை! யாரும் நம்மிடம் ஃப்ரேசல் வெர்பில் கதை சொன்னதில்லை, சமாதானம் சொன்னதில்லை. மிச்சத்தை நாமே குத்துமதிப்பாகக் கட்டினோம். 'கோப்' போதும் என்ற இடத்தில் 'கோப் அப்' என்கிறோம். 2002-இல் 'பாஸ் அவுட்' ஆனேன் என்று சொன்னால் அமெரிக்கர் நாம் மயங்கி விழுந்ததாக நினைப்பார். பயிற்சி முடிக்கும் ராணுவ வீரர்களுக்குப் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அது சரியான பிரயோகம் என்பது வேறு விஷயம்.

ஆக, ஒருவரிடம் 'உனக்கு ஆங்கிலம் போதாது' என்று சொல்லும்போது, பெரும்பாலும் நாம் அளப்பது அவர் எந்த மாடியில் வளர்ந்தார் என்பதைத்தான். கான்வென்ட்டும் வீட்டில் ஆங்கிலப் படமும் இருந்தவனுக்குக் கீழ்மாடி தானாக வந்துவிடுகிறது. பாடநூல் மட்டுமே கிடைத்தவனுக்கு மேல்மாடி மட்டும்தான். அது அறிவுக் குறைவாக அப்ரைசலில் பதிவாகிறது, சம்பளத்தில் தெரிகிறது. இது நியாயமே இல்லை.

தமிழனுக்கு இது புதுசா?

கடைசியாக, கற்பவர்களுக்கு உபயோகமான ஒன்று. நம் மொழியிலேயே இந்த வித்தை இருக்கிறது. என்ன, குட்டிச்சொல்லுக்குப் பதில் இன்னொரு வினையைச் சேர்ப்போம். 'கண்ணாடி உடைந்துவிட்டது' என்பதில் யாரும் எதையும் விடவில்லை. 'பார்த்துக்கொள்' என்பதில் கொள்முதல் இல்லை. 'விட்டுக்கொடு' என்பதில் கையில் எதையும் கொடுப்பதில்லை. தமிழ் கற்கும் வெள்ளைக்காரர் இதே இடத்தில்தான் தலையைப் பிய்த்துக்கொள்கிறார். க்ரியா அகராதி இந்த 'விடு', 'கொள்' போன்றவற்றின் துணைவினைப் பொருளைத் தனியாகப் பிரித்துக் காட்டுவது இதனால்தான்.

அதனால் பட்டியலை வினைவாரியாக மனப்பாடம் செய்யாமல் குட்டிச்சொல்வாரியாகப் பாருங்கள். முழுசாக முடிவதைச் சொல்லும் 'அப்', நம் 'விடு', 'தீர்' பக்கம் வரும்: 'யூஸ் அப்' என்றால் செலவழித்துத் தீர். விடாமல் தொடர்வதைச் சொல்லும் 'ஆன்', நம் 'கொண்டே இரு': 'கீப் ஆன்', 'கோ ஆன்'. பிரிவதும் விலகுவதும் 'ஆஃப்': 'கட் ஆஃப்', 'கால் ஆஃப்'. உள்ளே இருந்தது வெளியே தெரிவது 'அவுட்': 'ஃபைண்ட் அவுட்', 'டர்ன் அவுட்'. எல்லாம் இதற்குள் அடங்காது, ஆனால் பாதிக்கு மேல் பிடிபட்டுவிடும்.

எனக்குப் பிடித்த பொருத்தம் தலைப்பிலேயே இருக்கிறது. 'போஸ்ட்போன்' என்றால் பின்னால் வை. 'புட் ஆஃப்' என்றால் விலக்கி வை. தள்ளிப்போடு என்பதிலும் ஒரு 'போடு' இருக்கிறது. ரோமாபுரிக்காரன், இங்கிலாந்து உழவன், நம்ம ஊர் ஆள் மூன்று பேருமே நாளைக்குச் செய்ய வேண்டியதை ஒரு பொருள் மாதிரி தூக்கிக் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறார்கள். ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் காப்பியடித்ததாகத் தெரியவில்லை.

ஏற்கெனவே தமிழுக்குள் குடிவந்துவிட்டவை வேறு இருக்கின்றன. பில்டப், செட்டப், கெட்டப், பிக்கப், லாக்கப், மேக்கப், ஒர்க்அவுட். ஷூட்டிங் முடிந்தால் சொல்லும் பேக்கப் ஒன்று, கம்ப்யூட்டரில் எடுக்கும் பேக்கப் ஒன்று. ஆங்கிலத்தில் இரண்டும் வேறு வேறு, தமிழ் எழுத்தில் ஒன்றேதான். வினையாக வந்து பெயர்ச்சொல்லாகக் குடியேறிய இந்தக் கூட்டத்தைப் பற்றி ஒரு பட்டியல் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் ஊரில், உங்கள் தொழிலில் புழங்குவது ஏதாவது இருந்தால் எழுதுங்கள். பட்டறை, பிரஸ், லாரி ஷெட் பக்கத்துச் சொற்கள் என்றால் இன்னும் சந்தோஷம்.